அம்மா இரண்டாம் முறை பார்த்த படம்

அம்மாவின் ஒரே தம்பியான என் மாமா, அம்மாவையும் என்னையும் ஒரு ரவுடிப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மாமா திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் ஆட்டோ வைத்திருந்தார். ஓட்டிய நேரத்தைவிட நிறுத்தி வைத்திருந்த நேரம்தான் அதிகம். கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்கு யார் எங்கே கடை போடலாம் என்று முடிவு செய்கிற ஒருவரிடம் அவர் சேர்ந்திருந்தார். அந்த மனிதரை மாமா ‘அண்ணன்’ என்றே சொல்லிவந்ததால், அவரும் எங்களுக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

படத்தில், மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிற ஒருவன் ஊரையே கட்டி ஆளுவான். கடைசியில் அவனுடைய உயிர் நண்பனே அவனைக் காட்டிக்கொடுப்பான். கதாநாயகன் கதவைத் திறந்தாலே மாமா விசில் அடித்தார். வீடு திரும்பும்போது அவர் நடையே மாறியிருந்தது. தெருநாய்களுக்கு மட்டும் அது தெரியவில்லை. வழக்கம்போலவே குரைத்தன.

அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்குக் கடைகள் போடும் சமயத்தில் அண்ணனுக்கும் இன்னொரு கோஷ்டிக்கும் தகராறு முற்றியது. எதிர்க் கோஷ்டியோடு சேர்ந்துவிட்டதாக அண்ணனே தன்மேல் சந்தேகப்படுகிறார் என்று சொல்லி மாமா எங்கள் வீட்டில் வந்து ஒளிந்துகொண்டார். அவர் வெளியே போய்விடக் கூடாதென்று, அம்மா அவருடைய செருப்பை அரிசி டிரம்முக்குப் பின்னால் மறைத்து வைத்தாள்.

ஒருநாள் மதியம் மாமாவின் கூட்டாளி வந்தான். மாமாவோடு ஒரே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டவன்.

“எல்லாம் பேசி முடிச்சாச்சுக்கா. அண்ணன் அவன கூட்டினு வரச் சொன்னாரு” என்றான்.

“தூங்குறான். நீ மொதல்ல சாப்புடு” என்று அம்மா தட்டு வைத்தாள்.

அவன் சாப்பிட்டு எழுந்ததும் அம்மாவே மாமாவைத் தட்டி எழுப்பினாள். செருப்பையும் எடுத்துக் கொடுத்தாள். பேசி முடித்துவிட்டார்கள் என்பதில் அவளுக்குத்தான் அத்தனை சந்தோஷம்.

விளக்கு வைப்பதற்குள் சேதி சொல்ல ஆள் வந்துவிட்டது. அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் மாமாவை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது முகத்தில் பாதி மூடியிருந்தது. என்னைப் பக்கத்தில் விடவில்லை. கூட்டாளி கோர்ட்டில் சரணடைந்தான். அம்மா அழவில்லை. யார் வந்து கையைப் பிடித்தாலும், “நான்தான் எழுப்பி உட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த கோடையில் அதே படம் அதே தியேட்டருக்கு மறுபடியும் வந்தது. அப்பாவிடம் ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கையில் காலிப் பையோடு அம்மா என்னை மேட்னி ஷோவுக்குக் கூட்டிப்போனாள். காரணம் கேட்டால் திரும்பிவிடுவாளோ என்ற பயத்தில் நான் வாயே திறக்கவில்லை.

இடைவேளைக்கு முன்னால் ஒரு விருந்துக் காட்சி வரும். முதல் தடவை தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்த காட்சி. அப்போது எல்லோரையும் போல நானும் கதாநாயகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அம்மா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து வேறு எங்கோ பார்த்தாள். நானும் அங்கே பார்த்தேன். நண்பன் எல்லோருக்கும் பரிமாறுகிறான், சிரிக்கிறான், தன் இலையில் மட்டும் கை வைக்கவில்லை. கதாநாயகன் ஒரு வாய் ஊட்ட வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். எதையும் ஒளித்துவைக்கவில்லை. திரைக்கு நடுவிலேயே இருந்தது. முன்வரிசையில் இப்போதும் சிரித்தார்கள். முடிவு தெரிந்திருந்ததால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா சட்டென்று எழுந்தாள். “வா, போலாம்.”

“இன்டர்வெல்லே இன்னும் உடலியேம்மா!”

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது. பெரிய தெரு வரைக்கும் வேகமாக நடந்தவள், என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னாள்: “சினிமாவுல காட்டிட்றாங்க. சோத்துல கை வெக்க மாட்றான் பாரு. அன்னிக்கி நம்ம ஊட்ல இவன் ரெண்டு தடவ ரசம் கேட்டு ஊத்தினு சாப்ட்டான்டீ.”

எனக்குக் கணக்கு எளிதாகத்தான் இருந்தது. “அப்போ இவன் கெட்டவன் இல்லியாம்மா?” என்று கேட்டேன்.

அம்மா நின்று என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பையை மடித்து இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். சண்டைக் காட்சி போய்விட்டதே என்று நான் வீடுவரை அழுதுகொண்டே போனேன். கூட்டாளி வந்து சாப்பிட்டுப் போன அந்த ஒரு மதியத்தை அவள் குழாயடியிலும் அடுப்படியிலும் ஓயாமல் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவந்தாள் என்பதோ, எத்தனை முறை பார்த்தாலும் அதில் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது என்பதோ அப்போது எனக்குத் தெரியவில்லை.