விசேஷமா, காரியமா

இப்போதெல்லாம் மண்டபத்தில் சோறு மிஞ்சினால் ஒரு போன் போதும், எடுத்துப்போக வேன் வந்துவிடுகிறது. எத்தனை மணிக்குச் சமைத்தது, தேங்காய் அரைத்து ஊற்றியதா என்று கேட்கிறார்கள். அன்று எங்களிடம் கேட்டது வேறு கேள்வி.

எனக்கு எட்டு வயது. ரந்தாவ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம். காலையிலிருந்து அடித்த மழையில் பாதிப் பேர் வரவில்லை. அண்டா நிறையச் சோறு, சாம்பார், வடை, பெரியப்பாவுக்கு உயிரான பருப்புப் பாயசம். பெரியம்மா தன் தம்பியிடம், என் மாமாவிடம், சொன்னாள்: “யார் வயித்துக்காவது போகட்டும்டா. கொட்டிட்டா அவருக்குப் போய்ச் சேராது.”

மாமா வேனில் ஏற்றினார். பாயச வாளியைப் பிடித்துக்கொள்ள நான். வழியெல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்கள் சொட்டச் சொட்ட, சிரம்பானில் ஒரு முதியோர் இல்லம்.

தட்டுகளில் பரிமாறியாகிவிட்டது. வடையைப் பிட்டபடி ஒரு தாத்தா கேட்டார்: “என்ன தம்பி விசேஷம்? கல்யாணமா?”

“ஆமாலா, சாப்பிடுங்க ஐயா” என்றார் மாமா.

தமிழ்ப் பள்ளியில் பிழை திருத்திப் பரிசு வாங்கியவள் நான். சும்மா இருப்பேனா? “விசேஷம் இல்ல மாமா, காரியம். பெரியப்பா செத்துப் பதினாறு நாள்.”

வாய்வரை போன வடை தட்டுக்குத் திரும்பியது. “சாவுச் சோறா? நாங்களே லைன்ல நிக்கிறோம், ஏம்பா அவசரப்படுத்துற?” யாரோ சிரித்தார்கள். யாரும் சாப்பிடவில்லை. ஒரு கிழவி மட்டும் பாயசத்தை விரலால் தொட்டு, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த இல்லத்தில் சாப்பாடு முடிந்திருந்தது. அதற்கடுத்த இடத்தில் மூடியைத் திறந்தால் சாம்பார் புளித்து நுரைத்திருந்தது. திரும்பும் வழியில் மாமா எல்லாவற்றையும் தோட்டத்து வாய்க்காலில் கவிழ்த்தார். என்னைத் திட்டவில்லை. “அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார்.

வீட்டில் மாமா, “நல்லா சாப்பிட்டாங்க அக்கா” என்றார். பெரியம்மா அவரை நம்பாமல் என் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லு பாப்பா. நீ பொய் சொல்ல மாட்ட.”

அந்தப் பாராட்டில் நிமிர்ந்து நின்றேன். ஒன்றுவிடாமல் சொன்னேன், திரும்பிய வடை, துடைத்த விரல், வாய்க்காலில் பாயசம் மஞ்சளாக மிதந்துபோனது வரை. மாமா தலை குனிந்துகொண்டார். பெரியம்மா என் கன்னத்தைத் தொட்டு, “நல்ல பிள்ளை” என்றாள்.

அன்று அவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள். விடியலிலிருந்து அடுப்படியில் நின்ற அலுப்பு என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.