யார் பேரில் வேலை

சின்னசேலத்தில் நானும் என் மனைவியும் நடத்தும் டீக்கடை மாடியில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்தார் அவர். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி, கம்ப்யூட்டர் வேலை. எதைத் தின்றாலும், "இது யாரு செஞ்சது?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வாய் வைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை முகம் வாடி இறங்கி வந்தார்.

"இன்னா சார்?" என்றேன்.

"பல பேரு வருஷக்கணக்கா எழுதின புரோகிராம்ணா. யாரு எதை மாத்துனாங்கன்னு இன்டர்நெட்ல ஒரு பழைய இடத்துல பதிவா இருக்குது. அதைப் புது இடத்துக்கு மாத்துனேன். எல்லாமே நான் எழுதின மாதிரி என் பேர்ல வந்துடுச்சி."

"புரோகிராம் ஓடுதா?"

"நல்லா ஓடுது."

"அப்புறம் இன்னா சார்? உங்களுக்குத்தான நல்ல பேரு!"

அவர் சிரிக்கவில்லை. "அதுல ஒருத்தரு செத்துட்டாருண்ணா. நாளைக்கு சாயங்காலம் பழைய இடத்த மூடிடுவாங்க. அப்புறம் அவரு எழுதினாருன்னு எங்கியும் இருக்காது."

மறுநாள் கூட்டாளிகளோடு கல்வராயன் மலை அருவிக்குப் போவதாக இருந்தவர், போகவில்லை. அவரவர் வேலை அவரவர் பேரில் சேரும்படி முதலிலிருந்து மாற்றினார். பொழுது சாயும் முன்னே சிரித்துக்கொண்டு இறங்கினார்.

"வந்துட்டாரா அவரு?" என்றேன்.

"வந்துட்டாருண்ணா. அக்கா சுட்ட வடை ரெண்டு குடுங்க."

அவர் காலி செய்து போய் வெகு நாளாகிறது. இப்போதெல்லாம் யாராவது, "உங்க வடை சூப்பருங்க" என்றால், நான் கூச்சத்தோடு அடுப்படிப் பக்கம் கை காட்டுகிறேன்.

"ரொம்பத்தான்!" என்று உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வருகிறது.