அக்காவுக்கு அறிவியல், தங்கைக்கு ஓவியம்

தங்கையின் கைகளைப் பார்த்தாலே அக்காவுக்கு வயிறு எரியும். அந்த நகக்கண்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அக்காவின் விரல்களிலும் நிறம் உண்டு. ரத்தப் பரிசோதனை லேபில் ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றும்போது கையுறையையும் மீறி ஊதா படிந்துவிடும். அதை யாரும் கலை என்று சொன்னதில்லை. சோப்பு போட்டுத் தேய்க்கத்தான் சொன்னார்கள்.

பள்ளியில் இருவருமே படம் வரைந்தவர்கள்தான். சொல்லப்போனால் அக்காவின் கைதான் ஒரு படி மேல். ஆனால் பத்தாம் வகுப்பில் அவள் மார்க்கை அள்ளிக்கொண்டு வர, அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே பென்சில் கணக்குக்கும் கெமிஸ்ட்ரிக்கும்தான்" என்று சொல்லிவிட்டார். அறிவியல் பிரிவுக்காரர்களுக்கு ஓவிய வகுப்பே கிடையாது. பிறகு தங்கையின் முறை வந்தபோது அதே அப்பா வாயே திறக்கவில்லை. அவள் ஓவியம் படிக்கப் போனாள். 'செல்லப் பொண்ணு, கேட்டதெல்லாம் கிடைக்குது' என்று குமைந்த அக்காவுக்கு, கல்யாணமாகி, தலை நரைத்த பிறகும் அந்தப் புகைச்சல் அடங்கவில்லை.

போதாக்குறைக்கு, அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே வரவேற்புக் கூடத்துச் சுவரில் படம் வரையும் வேலை தங்கைக்குக் கிடைத்தது. சாரத்தில் ஏறி நின்று அவள் வரைய, நோயாளிகள் வலியை மறந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

"உங்க தங்கச்சியாமே! உங்க வீட்ல அவங்களுக்கு மட்டும் எப்படி இந்தத் திறமை?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள்.

அன்று மதியம் தங்கை லேபுக்கே வந்துவிட்டாள். "அக்கா, மைக்ரோஸ்கோப்ல ஒரு தடவை பாக்கவா? ரத்த அணுக்களைச் சுவத்துல வரையணும்."

"எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். இதையும் உனக்குத் தூக்கிக் கொடுக்கணுமா?"

வாய்தவறி வந்துவிட்டது. தங்கை கோபப்படாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் எவ்வளவு பொறாமைப்பட்டேன் தெரியுமா, உன்னைப் பாத்து? எனக்கும் அறிவியல் பிரிவுதான் வேணும்னு அழுதேன்க்கா. மார்க் பத்தலன்னு சேத்துக்கல. அப்பா என் தலையைத் தடவி, 'சரி விடு, நீ படமாவது வரை'ன்னார். 'படமாவது'! இன்னிக்கும் சாரத்துல ஏறும்போது அந்த 'ஆவது' காதுல கேக்குது."

அக்கா மைக்ரோஸ்கோப்பைத் தங்கை பக்கம் தள்ளி, குமிழைத் திருகிக் காட்சியைத் தெளிவாக்கிக் கொடுத்தாள்.

"அடேயப்பா! இதையா தினமும் பாக்கிற? கொடுத்து வெச்சவ நீ."

தன்னைப் பார்த்தும் ஒருத்திக்கு ஏக்கமா! அக்காவுக்கு உள்ளுக்குள் இனித்தது. அந்த இனிப்பை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"கீழ் மூலையில எனக்குக் கொஞ்சம் இடம் விடு" என்றாள்.

ஷிப்ட் முடிந்து அக்கா பிரஷைப் பிடித்தபோது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவள் வரைந்த அணு நசுங்கிய உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. பக்கத்தில் தங்கை ஒரே இழுப்பில் வட்டம் போட்டாள்.

"எப்படிடி?" கேட்ட குரலில் கசப்பு இருக்கத்தான் செய்தது.

"மணிக்கட்டை விடு, தோளை அசை. சரி, மைக்ரோஸ்கோப்ல பாத்தேனே, அந்தக் குட்டிக் குட்டிப் புள்ளியெல்லாம் உடம்புல என்ன வேலை பாக்குது? அதைச் சொல்லு முதல்ல."

அக்கா உருளைக்கிழங்கை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சொல்ல ஆரம்பித்தாள்.