ஞானசீலன் எழுதாமல் விட்ட கல்லூரிகள்

மதுரை திருநகரில் ஞானசீலன் சாரைத் தெரியாத பெற்றோர் குறைவு. அரசு உதவி பெறும் மிஷன் பள்ளி ஒன்றின் ஆபீசில் கிளார்க். பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து இன்ஜினீயரிங் கவுன்சிலிங் முடிகிற வரைக்கும் அவர் வீட்டு வாசலில் செருப்பு குறையாது. கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மார்க்கைச் சொன்னால் போதும், இருநூறுக்கு எவ்வளவு என்று வாயிலேயே கூட்டி, போன வருஷம் எந்தக் கல்லூரி எந்த மார்க்கில் நின்றது என்றும் சொல்லிவிடுவார். செலவையும் மறைக்கமாட்டார். சென்னையில் இருக்கும் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தால் ஃபீஸ் கொஞ்சம்தான், ஹாஸ்டல் செலவு தனி. அதே பல்கலைக்கழகத்தின் மதுரை வளாகத்தில் கிடைத்தால் வீட்டுச் சோறு, டவுன் பஸ். தனியார் கல்லூரி என்றால் நோட்டீசில் இருக்கும் ஃபீஸை நம்பக் கூடாது, பஸ்ஸுக்கு, யூனிபாரத்துக்கு, டிரெய்னிங்குக்கு என்று இன்னொரு ஃபீஸ் பின்னாலேயே வரும் என்பார். யாரிடமும் காசு வாங்கமாட்டார். காபி கொடுத்தால் குடிப்பார்.

ஊருக்கெல்லாம் இப்படி வழி சொன்ன மனுஷன் சொந்த மகளைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தினார் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஞானசீலனிடம் ஒரு சாட்சி உண்டு. சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்வதைச் சாட்சி என்பார்கள். அவருடைய சாட்சி இருபத்தைந்து வருஷமாக ஓடுகிறது. படிப்பு முடிந்த கையோடு கூட்டாளிகள் எல்லாம் பத்து இடத்துக்கு அப்ளிகேஷன் போட்டார்கள், கப்பலூரில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள். அவர் மட்டும் மிஷன் பள்ளிக்கு ஒரே ஒரு அப்ளிகேஷனைப் போட்டுவிட்டு, இது போதும் ஆண்டவரே என்று உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதம் வீட்டில் எல்லோரிடமும் ஏச்சு வாங்கிய பிறகு ஆர்டர் வந்தது. இரண்டாவது அப்ளிகேஷன் போட்டிருந்தால் வந்திருக்காது என்று சொல்லி முடிப்பார். சபையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பள்ளிக்கு அப்போது ஆள் எடுக்கிற கரெஸ்பாண்டன்டாக இருந்தவர், ஞானசீலனின் அப்பா உபதேசியாராக வேலை பார்த்த சபையில் ஆயராக இருந்தவர். சாட்சியில் இது மட்டும் வராது. பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். அந்த விஷயம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கும் பாக்கியத்துக்கும் ஒரே மகள், எஸ்தர். எலக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும், அதுவும் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பிளஸ் டூ எழுதிய வருஷம், புத்தாண்டு ஆராதனையில் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு என்று வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையைத் தட்டிலிருந்து வீட்டுக்கு ஒன்றாக எடுத்தபோது, பிள்ளையைத் தட்டைப் பிடிக்கச் சொல்லி ஞானசீலனே எடுத்தார். உன்னை மற்றவர்களுக்கு மேலாக உயர்த்தி வைப்பேன் என்ற பொருளில் ஒரு வசனம் வந்தது. இந்த வசனம் வருஷத்துக்குப் பாதிச் சபைக்கு வருகிற வசனம். ஞானசீலனுக்கோ அது எஸ்தரின் பெயர் போட்டு வந்த ஆர்டர்.

அவளுக்கு இருநூறுக்கு நூற்று எண்பத்து நான்கு வந்தது. குறைந்த மார்க் இல்லை. ஆனால் சென்னை வளாகத்தில் எலக்ட்ரானிக்ஸ் போன வருஷம் அதற்கு எட்டு மார்க் மேலேயே நின்றுவிட்டது. மதுரை வளாகத்தில் தாராளமாகக் கிடைக்கும். வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் ஞானசீலன் இதை ஒரே மூச்சில் சொல்லியிருப்பார்.

வேறு வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லவும் செய்தார். அடுத்த தெரு பிச்சுமணி கோயில் ஆபீசில் வேலை பார்க்கிறவர். அவர் மகள் மைத்ரேயி எஸ்தரோடு படித்தவள், எஸ்தரைவிட மூன்று மார்க் குறைவு. விருப்பப் பட்டியலில் பத்துக் கல்லூரி போட்டால் போதுமா என்று கேட்டுக்கொண்டு வந்தார் பிச்சுமணி.

"எழுதுறதுக்குக் காசா பணமா சார்? அம்பது போடுங்க," என்றார் ஞானசீலன். "மேல உள்ளது கெடைச்சிட்டா கம்ப்யூட்டர் கீழ பாக்கவே பாக்காது. கெடைக்கலேன்னாத்தான் ஒவ்வொண்ணா எறங்கி வரும். எறங்க எடம் இல்லேன்னா அடுத்த பிள்ளைக்குப் போயிரும்."

சொன்னதோடு விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, சென்னையை மேலே வைத்து, மதுரை வளாகத்தை அதற்கடுத்து வைத்து, ஐம்பத்தொன்றையும் வரிசைப்படுத்திக் கொடுத்தார். பிச்சுமணி கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே வீட்டில் எஸ்தர் தன் பட்டியலைக் காட்டினாள். கணக்கு டீச்சரோடு உட்கார்ந்து போட்டது, நாற்பத்திரண்டு கல்லூரி. ஞானசீலன் அதில் சென்னை வளாகத்துக் கல்லூரிகள் நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் வேண்டாம் என்றார். அவள் முதலில் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நாலும் இல்லேன்னா என்னப்பா?"

"அந்தக் கேள்வியே வரக் கூடாதும்மா. கீழ எழுதுனா, நீர் செய்யாட்டியும் பரவால்ல, நான் வேற எடம் பாத்துக்கிறேன்னு ஆண்டவர் மூஞ்சிக்கு நேராச் சொன்ன மாதிரி."

அடுப்படியிலிருந்து பாக்கியம் கேட்டாள். "பிச்சுமணி சாருக்கு மட்டும் அம்புட்டு எழுதச் சொன்னீக?"

"அவருக்கு வாக்குத்தத்தமா இருக்கு?" என்றார் ஞானசீலன்.

இந்தப் பதிலைக் கேட்டு அந்த வீட்டில் யாராவது வாய்விட்டுச் சிரித்திருந்தால் பிள்ளை தப்பித்திருக்கும். சிரிக்கவில்லை. பாக்கியத்துக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் புருஷனின் விசுவாசத்தோடு மல்லுக்கு நிற்கப் பயம். எஸ்தரும் அந்தச் சாட்சியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதானே. கேட்டதெல்லாம் கிடைக்கும், கிடைக்காவிட்டால் நம்முடைய சந்தேகம்தான் காரணம் என்று ஞாயிறு தவறாமல் சொல்லிக் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். நான் சந்தேகப்பட்டதால்தான் போயிற்று என்று நாளைக்கு ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கும் தோன்றிவிட்டது. முப்பத்தெட்டுக் கல்லூரிகளை அவளே அழித்தாள். அவர் போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணை அவர் வாசிக்க, அவளே போட்டு உறுதி செய்தாள்.

அந்த வாரம் ஞானசீலன் தினமும் ஒரு வேளை உபவாசம் இருந்தார். ஆபீசில் கேட்டவர்களிடம், சென்னைதான் என்றார். கிடைத்தால் என்ற வார்த்தையை எவரிடமும் சேர்க்கவில்லை. ஹாஸ்டலில் குளிர் தண்ணீர்தான் வருமாம் என்று பாக்கியத்திடம் கவலைகூடப் பட்டார்.

முதல் சுற்று முடிவு காலையில் வந்தது. எஸ்தரின் பெயருக்கு நேரே ஒதுக்கீடு இல்லை என்று இருந்தது. சைட்டில் ஏதோ கோளாறு என்று அவர் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். எஸ்தர் ஒரு தடவைதான் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய், ஊறவைத்திருந்த துணியைக் கல்லில் போட்டுத் துவைக்க ஆரம்பித்தாள்.

பத்து மணிக்குப் பிச்சுமணி ஸ்வீட் பெட்டியோடு வந்து நின்றார். மைத்ரேயிக்கு மதுரை வளாகத்திலேயே எலக்ட்ரானிக்ஸ் கிடைத்துவிட்டது.

"எல்லாம் உங்க புண்ணியம் சார். நீங்க சொல்லலேன்னா நான் பத்தோட நிறுத்தியிருப்பேன்," என்றார். பிறகு நல்ல மனசோடுதான் கேட்டார், "எஸ்தருக்கு மெட்ராஸ்தானே?"

பாக்கியம் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, அடுத்த சுற்றில் பார்க்கிறோம் என்றாள். பிச்சுமணிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். துவைக்கிற சத்தம் நிற்கவேயில்லை.

அடுத்த சுற்றில் என்ன மிஞ்சும் என்பதை ஞானசீலனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மதுரை வளாகம் போயிற்று. பெயர் சொல்லும்படியான அரசுக் கல்லூரிகளும் உதவி பெறும் கல்லூரிகளும் போயின. எலக்ட்ரானிக்ஸ் வேண்டும் என்றால் இனி தனியார் கல்லூரிதான், எந்தக் கல்லூரிகளில் ஃபீஸுக்குப் பின்னால் இன்னொரு ஃபீஸ் வரும் என்று ஊரையெல்லாம் எச்சரித்தாரோ அதே கல்லூரிகள். நான்கு வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தார். பாக்கியத்தின் வளையலும் அவருடைய பி.எஃப். கடனும் சேர்ந்தாலும் பாதிவரைக்கும்தான் வந்தது. தெருவுக்கு ஐம்பது கல்லூரியை எழுதிக் கொடுத்த கை, சொந்தப் பிள்ளைக்கு ஐந்தாவது ஒன்றை எழுதக் கூசியது. அந்தக் கூச்சத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆறுதல் தேடி, சபையின் இப்போதைய ஆயரிடம் போனார். ஆயரின் மகனுக்கும் அதே கவுன்சிலிங். கோயம்புத்தூரில் நல்ல கல்லூரியிலேயே கிடைத்திருந்தது. ஆயர் தோளில் கை வைத்து, ஆண்டவருக்கு வேறு நோக்கம் இருக்கும் என்றார். ஞானசீலன் கிளம்பும்போது சும்மா கேட்கிற மாதிரி, தம்பிக்கு எத்தனை கல்லூரி போட்டீர்கள் என்று கேட்டார்.

"அறுவத்தஞ்சு பிரதர். எல்லாத்தையும் போட்டுட்டு, எது உம்முடைய சித்தமோ அதக் குடும்னு விட்டுட்டோம்."

ஆயருக்கு இதில் மறைக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் ஞானசீலனுக்கு அது அப்படித் தைத்தது. வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்.

சாயங்காலம் வழக்கம்போலக் குடும்ப ஜெபத்துக்கு மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். பாட்டு வேண்டாம் என்றுவிட்டார். கண்ணை மூடி, எப்போதும்போல எஸ்தரில் ஆரம்பித்தார். "என் மகளுக்கு நீர் வச்சிருக்கிற மேலான..." என்று சொல்லும்போது அவள் குறுக்கிட்டாள். ஜெபத்துக்கு நடுவில் அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

"எனக்காக மட்டும் இனிமே ஜெபம் பண்ணாதீகப்பா."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் அதட்டியிருப்பார், அல்லது அழுதிருப்பார். கண்ணைத் திறந்து பாக்கியத்தைப் பார்த்தார், அவள் பிள்ளையை அடக்குவாள் என்று. பாக்கியம் தலைகுனிந்தே இருந்தாள். எஸ்தர் எழுந்து போகவில்லை. பழகிய பிள்ளை, ஜெபம் முடிகிற வரைக்கும் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஞானசீலன் திரும்பவும் கண்ணை மூடினார். சபைக்காக ஜெபித்தார். பள்ளிக்காகவும், ஆஸ்பத்திரியில் இருக்கும் பாக்கியத்தின் அண்ணனுக்காகவும் ஜெபித்தார். மைத்ரேயியின் படிப்புக்காகக்கூட ஜெபித்தார். பிறகு நாக்கு நுனி வரைக்கும் வந்த பெயரை விழுங்கிவிட்டு, ஆமென் என்றார். எஸ்தர் பிறந்த நாளிலிருந்து அவள் பெயர் இல்லாமல் அவர் முடித்த முதல் ஜெபம் அது.