கொக்கி கமிஷன் மாடிக்குப் போனது

வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்காமல் அவன் வீடு திரும்பியதே கிடையாது. கன்னத்தில் அறைந்த மேஸ்திரி ஒருவர் இரண்டு பல்லைத் துப்பிவிட்டுப் போனார். இவன் மூக்கு அன்றிலிருந்து இடப்பக்கம் பார்க்கிறது.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற எல்லாருமே கையில் வளைந்த இரும்புக் கொக்கி வைத்திருப்பவர்கள்தான். ஆனாலும் கொக்கி என்ற பெயர் இவனுக்குத்தான் ஒட்டிக்கொண்டது. கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பேலும், அதாவது இறுக்கிக் கட்டிய பெரிய மூட்டையும், ஓர் ஆளைவிடக் கனம். அடுக்கு சரிந்தால் கீழே நிற்பவன் கூழ். அதனால் வேலைக்குச் சேருகிற அன்றே அங்கே ஒரே பாடம்: சரிவதைக் கண்டால் யோசிக்காதே, கொக்கியைப் போடு. இவன் கை யோசித்ததே இல்லை. மூட்டையிலும் சரி, சண்டையிலும் சரி.

அவன் மனைவியின் தம்பி போர்வை ஆலையில் தறி ஓட்டுகிறவன். அக்கா வீட்டிலேயே ஓர் அறையில் குடியிருந்தான். துறைமுகத்தில் இறங்குவதில் பாதி வெளிநாட்டுப் போர்வை. கிழிந்த பேலிலிருந்து கொக்கி கொண்டுவந்தது ஒன்று, ஆலையில் கழித்துக் கட்டியதில் தம்பி கொண்டுவந்தது ஒன்று, ஆக இரண்டு போர்வை அந்த வீட்டில் இருந்தன.

"ஒண்ணு குத்துது, ஒண்ணு உதிருது. உங்க ரெண்டு பேர் மாதிரியேதான்" என்பாள் அவள்.

அந்த வீட்டுக்குள்தான் அரசாங்கம் கால் வைத்தது. இறக்குமதிச் சரக்குகளின் சுங்க வரியை ஆராய மூன்று பேர் கொண்ட கமிஷனை நியமித்திருப்பதாகவும், அது ஊர் ஊராக வந்து இரு தரப்பையும் கேட்கும் என்றும் வானொலி சொன்னது. போர்வைக்கு வரி ஏறினால் கப்பல் குறையும், துறைமுகத்தில் ஆள் குறைப்பு. இறங்கினால் ஆலைக்குப் பூட்டு. மறுநாளே சாப்பாட்டு நேரத்தில் தட்டு பறந்தது.

"வரி ஏறினாத்தான் எங்க அடுப்பு எரியும், மாமா."

"உன் அடுப்புக்கு என் கூரைதான் விறகா, மாப்ளே?"

"எவனோ நெய்ததை இறக்கி வைக்கிறதுக்கு இவ்வளவு ரோஷமா?"

பீங்கான் தட்டு மச்சினன் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் சிதறியது. அவன் முக்காலியைத் தூக்கினான். கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தோடு அவள் நடுவில் வந்து நின்றாள்.

"கமிஷன்ல இருக்கிற மூணு பேருக்கும் நம்ம வாசல் எந்தப் பக்கம்னு கூடத் தெரியாது. அவங்களுக்காகவா வெட்டிக்கிறீங்க? ஏங்க, என் தம்பி ரத்தம் கீழ விழுந்துச்சு, அப்புறம் இந்த வாசல்ல கால் வைக்காதீங்க. டேய், நீயும் கேட்டுக்கோ."

கமிஷன் வந்து உட்கார்ந்தது வணிகர் சங்கக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில். ஆலைக்காரர்கள் லாரி லாரியாக ஆளை இறக்கினார்கள்; கப்பல் முகவர்களும் சளைக்கவில்லை. எந்த மகராசன் யோசனையோ, இரண்டு கூட்டத்தையும் ஒரே மாடிப்படியில் காத்திருக்க வைத்தார்கள். கொக்கியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அது இடுப்பில் இல்லாவிட்டால் நடையே கோணும் என்று இவன் கொண்டுவந்திருந்தான்.

யாரோ காறித் துப்பினான். அது யார் மேலோ விழுந்தது. அவ்வளவுதான். தறிக்கம்பியும் செருப்பும் பறந்தன. ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான், விரலிடுக்கில் ரத்தம். இன்னொருவனைக் காலைப் பிடித்துப் படியெல்லாம் தலை இடிக்க இழுத்துப் போனார்கள்.

"வெளிய சத்தமா இருக்கு, கதவைச் சாத்துப்பா" என்று மேலே கமிஷன் தலைவர் சொன்னது கொக்கிக்குத் தெளிவாகக் கேட்டது.

அப்போதுதான் பார்த்தான். திருப்பத்துக் கைப்பிடி மரத்தில் முதுகை ஊன்றிக்கொண்டு மச்சினன் நின்றிருந்தான், கையில் கம்பி. அவன் காலடியில் கொக்கியின் கூட்டாளி ஒருவன் மண்டை பிளந்து கிடந்தான்.

"டேய்!"

கொக்கி இடுப்பிலிருந்த இரும்பை உருவி, ஓங்கிய கையோடு பாய்ந்தான். கைப்பிடி மரம் முறிந்தது. மச்சினன் பின்பக்கமாகச் சாய்ந்தான். கீழே இரண்டு மாடி ஆழத்தில் கருங்கல் தரை. இரும்பு அவன் தோளில் இறங்கி எலும்பில் மாட்டியது. அலறல் கட்டடத்தையே உலுக்கியது. தொங்கியவனை ஆலைக்காரர்களும் துறைமுகக்காரர்களும் சேர்ந்துதான் மேலே இழுத்துப் போட்டார்கள். மரம் முறிந்தது முன்பா, கை இறங்கியது முன்பா? கொக்கிக்கே தெரியவில்லை.

அடிபட்டவன் வாயாலேயே கேட்க, போலீஸ் கொக்கியை விலங்கோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. மச்சினன் கட்டிலின் தலைமாட்டில் ஆலைச் சங்கச் செயலாளர் குனிந்து நின்றார். "குத்துனான்னு சொல்லு தம்பி. கமிஷன் நம்ம பக்கம் சாயும்." கால்மாட்டில் அக்கா. அவள் புருஷனைப் பார்க்கவே இல்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டார். மச்சினன் உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "விழப் போனேன் சார். மாமா இழுத்தாரு."

செயலாளர் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார். கமிஷன், கலவரத்தை முன்னிட்டு விசாரணையைத் தள்ளிவைத்து, அவகாசம் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதிவிட்டதாக அவர்தான் வாசலில் யாரிடமோ சொன்னார். விலங்கு கழன்றது. அறையில் மூன்று பேர்தான்.

"மாமா, கிட்ட வாங்க. நெசத்தைச் சொல்லுங்க. இழுத்தீங்களா, குத்துனீங்களா?"

"தெரியலடா" என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான் கொக்கி.

மச்சினன் நல்ல கையை வீசி அறைந்தான். அந்த வேகத்தில் தோள்கட்டு சிவந்து நனைந்தது. கொக்கியின் உதடு கிழிந்தது.

"இது குத்துனதுக்கு. இழுத்திருந்தீங்கன்னா, திருப்பி அடிங்க."

இப்போதுதான் அவள் நிமிர்ந்து புருஷன் கையைப் பார்த்தாள். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறைகூட யோசித்திராத அந்தக் கை, தொடைமேல் அப்படியே கிடந்தது. ரத்தம் மோவாயில் வழிந்து சட்டையில் சொட்டியது. அவன் துடைக்கவில்லை.

"எழுந்திருங்க, போய் வாயைக் கழுவுங்க. வீட்டுக்குப் போகணும்" என்றாள் அவள்.