நான்கு பெயர்கள், ஒரே படம்

சிதம்பரம் விடுதியில் ஓர் அறையில் நான்கு பேர் இருந்தோம். நாங்கள் எடுத்த படங்கள் எல்லாமே ஒவ்வொருவர் ஃபோல்டரிலும் இருக்கும்படி, ஒரே ஹார்ட் டிஸ்கில் ஆளுக்கொரு ஃபோல்டராகப் போட்டு வைத்தவள் எங்களில் கம்ப்யூட்டர் படித்த சுபா.

படிப்பு முடிந்ததும் டிஸ்க் என்னோடு கடலூர் வந்துவிட்டது.

இன்று போட்டித் தேர்வுக்கான பாட வீடியோக்களை அதில் ஏற்ற இடமில்லை. "உங்க போட்டோ வேணுமா?" என்று மூவரிடமும் கேட்டேன். மூவரும் "அழிச்சிடுடி" என்று அனுப்பினார்கள்.

மூன்று ஃபோல்டர்களையும் அழித்தேன். இடம் கொஞ்சமும் கூடவில்லை. சுபாவுக்குப் போன் செய்தேன்.

"லூசு, அது காப்பியே இல்லடி. ஹார்ட் லிங்க். படம் ஒண்ணுதான், அதுக்கு நாலு பேரு வெச்சேன். கடைசிப் பேரு இருக்கற வரைக்கும் படம் போவாது."

"இப்ப எம் பேரு மட்டும்தான்டி இருக்கு."

"அப்ப அதையும் அழிச்சிடு. மீட்டிங்டி, வெச்சிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருவாளா என்று கேட்க நினைத்திருந்தேன்.

பிச்சாவரம் படகில் நால்வரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் படமும் அதில்தான் இருக்கிறது. அழிக்கவில்லை. வீடியோக்களுக்கு ஒரு பென் டிரைவ் வாங்கிக்கொண்டேன்.

லிங்க் போடவும் கற்றுக்கொண்டேன். தோழிகளே, உங்கள் பெயர்களைத் திரும்பச் சேர்க்கட்டுமா? இடம் அடைக்காதாம்.