வியாழக்கிழமை நின்றுபோகும் கார்

அந்தக் கார் கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் எழுபதுகளில் முதலமடையில் எங்கள் தோட்டத்தைச் சுற்றியிருந்தவர்களில் ஒருத்தர்கூட அந்தக் கம்பெனி வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், அதற்கு எங்கள் வீட்டு வாசல்தான் காரணம்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. அம்மாவுக்குக் கைக்குழந்தையான தம்பியைப் பார்க்கவே பொழுது போதாது. எனக்குத் தலை பின்னிவிட்டு, சோறூட்டி, பக்கத்தில் போட்டுத் தூங்கவைத்ததெல்லாம் அத்தைதான். எனக்கு ஏழு வயதிருக்கும்போது, உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்த மாமாவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் போன பிறகு வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு அழுகை வந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை, மலையில் ஏலக்காய் வேலை ஓய்ந்து எங்களுக்கு மாங்காய் வேலை மும்முரமாகும் சித்திரையில், மாமா அவளைத் தன் காரில் கூட்டிவருவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வியாழக்கிழமை காலை கிளம்பிவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு நாள்கூட மாமாவின் அம்மா பொறுக்கமாட்டார். மருமகள் இல்லாத வீடு ஒரு வீடா என்பது அவர் கட்சி. அத்தை இல்லாத எங்கள் வீடு மட்டும் என்னவாம்?

மாமாவுக்கு அந்தக் கார் என்றால் உயிர். போடிமெட்டு வளைவுகளில் பனிமூட்டத்தில் மூட்டையோடு ஏறினாலும் ஒரு நாளும் மூச்சு வாங்கியதில்லை என்று பெருமையடிப்பார். வேறொரு கம்பெனி மோட்டார் சைக்கிள் வைத்திருந்த அப்பா, தன்னுடையதைப் போல உலகத்தில் கிடையாது என்பார். இரண்டு பேருக்கும் சாப்பாட்டு இலையின் முன்னால்கூட இதே பேச்சுதான். காரைப் பற்றி யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் மாமாவுக்கு முகம் சிவந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட கார் ஒவ்வொரு வருஷமும் வியாழக்கிழமை காலையில் எங்கள் வாசலில் செத்துக் கிடக்கும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மாங்காய்க் கூடைகளை ஏற்றி, அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு மாமா சாவியைத் திருகுவார். வண்டி உறுமும், கிளம்பாது. மாங்காய் பறிக்க வந்த ஆட்கள் மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு போய், அப்படியே திரும்பத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்பா நிதானமாக எழுந்து வருவார்.

"ஏனுங்க மாப்ளே, உங்க கம்பெனிக்காரன் மலைக்கு மட்டுந்தான் வண்டி செஞ்சானுங்களா?"

மாமா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மேகத்தைப் பார்ப்பார்.

வியாழன் தப்பினால் வெள்ளி. வெள்ளிக்கிழமை பிறந்த வீட்டிலிருந்து பெண்ணை அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. சனிக்கிழமை கிழக்கே சூலம், பொள்ளாச்சிக்கோ கிழக்கேதான் போயாக வேண்டும். ஆக, ஞாயிற்றுக்கிழமைதான். மலைக்குப் போகும் லாரிக்காரரிடம், வண்டி ரிப்பேர் என்று மாமாவின் அம்மாவுக்குச் சொல்லியனுப்புவார்கள். இயந்திரத்தோடு அவர் என்ன சண்டை போட முடியும்? கொல்லங்கோட்டில் நல்ல மெக்கானிக் இருந்தார். அவரைக் கூட்டிவர ஆள் அனுப்பலாமென்று அப்பாவுக்கு ஒரு வருஷமும் தோன்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கார் சமர்த்தாகக் கிளம்பிவிடும்.

நடுவில் கிடைத்த அந்த நாட்களில் நான் அத்தையின் முந்தானையை விடமாட்டேன். அந்தக் கம்பெனிக்காரனுக்கு நல்ல புத்தி வந்துவிடக் கூடாது, அவன் காலத்துக்கும் ஓட்டை வண்டியே செய்ய வேண்டும் என்று மாரியாத்தாளிடம் வேண்டிக்கொள்வேன். பக்கத்துத் தோட்டக்காரர் கார் வாங்க யோசனை கேட்டு வந்தபோது அப்பா வாசலில் நின்றிருந்த மாமாவின் காரைக் கண்ணால் காட்டினார். அவர் வேறு கம்பெனியில் வாங்கினார். அவரைப் பார்த்து அடுத்தவரும் அப்படியே செய்தார்.

ஒரு வியாழக்கிழமை விடியலில் மாங்காய் பொறுக்கப் போன நான், மாமா காரின் முன்மூடியைத் திறந்து குனிந்திருப்பதைப் பார்த்தேன். கட்டைவிரல் அளவில் கறுப்பாக ஒரு துண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என்னைக் கண்டதும் ஒரு கணம் திகைத்தார்.

"காத்துப் படட்டும்னு தொறந்து வெச்சேன் கண்ணு. நீ போயி மாங்கா பொறுக்கு."

இவ்வளவு அருமையாகப் பார்த்துக்கொண்டும் இந்தக் கார் இவர் மானத்தை வாங்குகிறதே என்று எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. இன்று நானும் கார் ஓட்டுகிறேன். அந்தத் துண்டு இல்லாவிட்டால் எந்தக் கம்பெனிக் காரும் கிளம்பாத காலம் அது என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷம் பிடித்தது. தன் காரின் பெயரை ஊரறியக் கெடுத்து, அந்த மனிதர் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டில் மூன்று நாள் வாங்கிக்கொடுத்திருக்கிறார்.

எனக்குப் பதினொன்று நடந்த வருஷம் மாமாவின் அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணைத் துணைக்கு வைத்துவிட்டு அத்தை வந்திருந்தாள். அந்த வியாழக்கிழமை நான் நிம்மதியாகத்தான் நின்றிருந்தேன். மாமா சாவியைத் திருகினார். முதல் திருகிலேயே கார் கிளம்பிவிட்டது. கிண்டலோடு எழுந்து வந்த அப்பா பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார்.

மாமா வண்டியை அணைத்துவிட்டு அத்தையைப் பார்த்தார். நீ ரெண்டு நாள் இருந்துவிட்டு வா, அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்பாவும் ஆமாம் என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாமுங்க. அங்க அவங்களுக்கு என்னைய உட்டா ஆரு வாய்ல தண்ணி ஊத்துவாங்க? எடுங்க, நம்மூட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டு, என் விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து எடுத்துவிட்டாள்.

அதுவரை அத்தை நம்மூடு என்று சொன்னதெல்லாம் எங்கள் வீட்டைத்தான். அன்று அவள் சொன்னது என் காதில் விழுந்தும் மனசில் ஏறவில்லை. அந்தக் கம்பெனிக்காரன் எப்படியோ நல்ல வண்டி செய்யக் கற்றுக்கொண்டுவிட்டான், அதனால்தான் அத்தை போய்விட்டாள் என்று நினைத்து, அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் அவனைத் திட்டித் திட்டி அழுதேன்.